அப்பா பிரித்துக் கொடுத்த ஐம்பது பங்கு

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் மூத்த மகளின் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். அப்பாவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறில்லை. மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அப்பா தஞ்சைச் சீமையில் பிறந்து, இளவயதில் கப்பலேறி வந்து, புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கு எழுதும் கிராணியாக அமர்ந்தார்கள். காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிடுவதும் பிறகு ரப்பர் பால் நிறுப்பதும் அவர்கள் வேலை. பாலில் தண்ணீர் கலந்தவரைத் துரையிடம் காட்டிக் கொடுக்காமல் தனியே கூப்பிட்டுக் கண்டிப்பார்கள்.

எங்கள் தாய்மாமன் மலாக்கா நகரில் நாலைந்து பேருடன் சேர்ந்து வங்கி தொடங்கினார். பங்கு ஒன்று பத்து வெள்ளி. அப்பா ஐம்பது பங்கு வாங்கினார்கள். அப்பாவின் சொல்லை நம்பி, தொழிலாளர் குடியிருப்பான லயத்து மக்களும் கூட்டாக ஐம்பது பங்கு வாங்கினார்கள். கையெழுத்து அறியாதவர்கள் என்பதால் அவையும் அப்பா பெயரிலேயே இருந்தன.

முதல் சில ஆண்டுகள் வங்கி ஒழுங்காக நடந்தது. பங்குதாரரின் பணம் நூறு வெள்ளிக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு வெள்ளி லாபம். அதில் ஒரு பகுதியை வங்கியிலேயே விட்டு வைத்ததால், பத்து வெள்ளிப் பங்கின் மதிப்பு ஏட்டில் பதினாறு ஆயிற்று.

அப்போதுதான் மாமா தாம்பூலத் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், அவற்றின் கீழே மடித்த ஒரு தாள். தாய்மாமன் முறைக்காரர் நீட்டும் தட்டை வாங்கினால் வாக்குக் கொடுத்ததாகும். வாங்கிய பிறகு தாளைப் பிரித்துக் கேள்வி கேட்பது மரியாதையில்லை. அப்பா வெற்றிலை போட்டார்கள். நூறு பங்குக்கும் கையெழுத்துப் போட்டார்கள்.

புதுப் பங்கு வெளியிட்டால் பழைய பங்குதாரருக்கு முதலில் தர வேண்டும் என்ற உரிமையை விட்டுக்கொடுக்கும் தாள் அது. பதினாறு வெள்ளி பெறும் பங்குகளை மாமாவும் கூட்டாளிகளும் பத்து வெள்ளிக்குத் தங்களுக்கே எழுதிக்கொண்டார்கள். பங்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காயிற்று. வெற்றிலைக்குக் கீழே வைத்தா கொள்ளையடிப்பது? சீச்சீ!

அடுத்த ஆண்டுக் கணக்கு வந்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. மொத்த லாபம் சற்றே கூடியிருந்தது. ஆனால் நூற்றுக்குப் பன்னிரண்டு, எட்டாக இறங்கியிருந்தது. பங்கு ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு வெள்ளியாக இருந்த லாபம் ஒரு வெள்ளியாகத் தேய்ந்திருந்தது.

பங்குதாரர் கூட்டத்தில் அப்பா எழுந்து கேட்டார்கள். மாமா சிரித்தார். "அத்தான், போன வருஷத்தைவிட லாபம் கூடியிருக்கு. புதுக் கட்டடத்தப் பாத்தீங்கல்ல? பேங்கு வளருது."

"பேங்கு வளருது. என் ஆளுங்க பங்கு ஏன் பாதியாச்சு?"

பதிலுக்குப் பதிலாகக் கேசரி பரிமாறினார்கள். நம் உறவினர்கள் அதைத் தின்றுகொண்டே, மைத்துனன் முன்னுக்கு வருவது இவருக்குப் பொறுக்கவில்லை என்று பேசினார்கள். தின்றவர்கள் பலர் இம்மலரைப் படிக்கிறீர்கள்.

மறுநாள் பெரட்டில் அப்பா பேர் கூப்பிட்டு முடித்துவிட்டு எல்லாரையும் நிற்கச் சொன்னார்கள். "கெட்டிப் பால்ல தண்ணிப் பால ஊத்துனா வாளி நிறையும். உங்க பங்குக்கு வர்ற ரப்பர் கொறையும். பேங்குல அதத்தான் பண்ணிட்டாங்க. கையெழுத்துப் போட்டது நான். தப்பு என்னோடது."

சொன்னதோடு நிற்கவில்லை. லயத்து மக்களின் ஐம்பது பங்கு நூறாக இருந்தால்தான் வங்கியில் அவர்களுடைய பழைய பங்கு குறையாமல் நிற்கும் என்று கணக்கிட்டு, தம்முடைய ஐம்பதையும் அவர்களுக்கே பிரித்துக் கொடுத்து, அவரவர் பெயருக்கு மாற்றினார்கள்.

அது என் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணம். நான் ஒரு மாதம் அப்பாவிடம் பேசவில்லை. கல்யாணச் செலவைத் தாம் பார்ப்பதாகச் சொன்ன மாமாவிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. மாமா கடைசியில் ஒரு சேலையோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆட்குறைப்பில் கப்பலேறியவர்கள் அந்தப் பங்குகளை விற்ற பணத்தோடுதான் ஊர் போய் இறங்கினார்கள். அப்பா சம்பளம் குறைந்தும் கடைசிவரை வேலை பார்த்தார்கள். ஒரு நாள் பால் நிறுத்துவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

இம்மலரின் அச்சுச் செலவைத் தருவதாக மாமா ஆளனுப்பினார். முதல் பக்கத்தில் வங்கி விளம்பரம், அதன் கீழே அப்பா படம் வர வேண்டுமாம். என்ன துணிச்சல்! மறுத்துவிட்டேன். பால் வெட்டும் வீரம்மாள் அக்காள் லயத்தில் சேர்த்த பணத்தை அம்மா கையில் வைத்தார். அம்மா வாங்கத் தயங்கினார்கள்.

"நாங்க குடுக்கிறதில்லம்மா இது. கிராணி ஐயா குடுத்த பங்குல வந்தது" என்றார் வீரம்மாள் அக்காள்.

அப்பணத்தில்தான் இம்மலர் அச்சானது. அப்பாவின் பாடை சுமந்ததும் லயத்து மக்கள்தான். பதினாறாம் நாள் வரை எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். எங்கள் குடும்பத்தின் நன்றி அவர்களுக்கு உரியது. அவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது என்பதால், வரும் ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய் இதை நானே படித்துக் காட்டுவேன். மாமாவுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியும்.