என் மனைவியின் சான்றிதழில் நான் பூசிய எண்ணெய்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தென்காசியில் எங்கள் வாடகை வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். பாஸ்டர். பாஸ்டரம்மா. எதிர்வீட்டு கிரேஸ் அக்கா. என் மனைவி ஜெபராணி. எங்கள் மகள் ஷைனி, ஆறு வயது. அப்புறம் நான். இந்த ஆறு பேரில் ஐந்து பேர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. மிச்சமிருக்கிற ஒரு ஆளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சாட்சி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சபையில் மைக்கைக் கொடுத்தால் கை நடுங்கும். எழுதினால் நடுங்குவது தெரியாது என்று பாஸ்டர் சொன்னதால் எழுதுகிறேன்.

என் பெயர் ராஜன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. சீசன் இல்லாத மாதங்களில் இலஞ்சிப் பக்கம் தேங்காய் லோடு ஏற்றப் போவேன். பயப்படுவது எனக்குப் பிறவிக் குணம். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான்.

ஜெபா பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். வெளிநாடு போகிற மாப்பிள்ளை என்றுதான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். விசா வரவில்லை. அதை ஒரு நாளும் அவள் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காதோ என்னவோ. நான்கு வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அதற்குப் பிறகு எம்.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்று மதுரைப் பக்கம் ஒரு மிஷன் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். திங்கட்கிழமை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

கேள்வி கேட்பதெல்லாம் இங்கிலீஷில்தான். பழகிக்கொள்ள அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது நான்தான். கேள்விகளை நோட்டில் எழுதி, எனக்காக அதே இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் கீழே எழுதித் தந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அவள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து வணக்கம் சொல்லுவாள்.

"ஒய் டூ யூ வான்ட் டு டூ எம்.எஸ்சி.?" என்று எழுத்துக்கூட்டிக் கேட்டேன்.

அவள் மடமடவென்று ஒரு நிமிஷம் பேசினாள். பேசி முடித்துவிட்டு, "எப்படி இருந்துது?" என்றாள்.

"சத்தம் நல்லா இருந்துது."

"சத்தத்தக் கேக்கல. பதிலு எப்படி?"

"பதிலு எனக்கு என்னட்டி தெரியும்? நடுவுல ரெண்டு தடவ முடியக் கோதிக்கிட்ட. அங்கன போய் அதச் செய்யாத."

"அப்பா பெயிலு," என்றாள் ஷைனி.

"சரி, தமிழ்ல சொல்லுதேன், கேளுங்க. வார்டுக்குப் புதுசா வருத பிள்ளைகளுக்கு யாரும் பொறுமையாச் சொல்லிக்குடுக்க மாட்டுக்காவ. எல்லாரும் ஏசத்தான் செய்யுதாவ. நான் ஏசாமச் சொல்லிக்குடுக்கணும். அதுக்குத்தான்."

நல்ல பதில்தான். எனக்கே புரிந்தது. ஆனால் அது புரிந்ததுதான் வினை. இவளுக்குச் சீட்டுக் கிடைத்துவிடும் என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன். சீட்டுக் கிடைத்தால் இரண்டு வருஷம் ஹாஸ்டல். அதற்குப் பிறகு கல்லூரியில் ஆசிரியை. நான் அப்போதும் ஈர வேட்டியோடு ஆட்களைக் குப்புறப் படுக்கப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

என்னோடு வேலை செய்கிற இசக்கி அண்ணன் அதே வாரம் எல்லார் முன்னாலும் கேட்டார். "ஏலே ராஜன், உம் பொண்டாட்டி காலேஜ் டீச்சரு ஆயிட்டான்னா நீ இங்கன எண்ண தேப்பியா, இல்ல அவளுக்கு பேக்கு தூக்கிட்டுப் பின்னால நடப்பியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தினமும் ஜெபம் பண்ணினேன். அதில் குறை வைக்கவில்லை. "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் ஜெபாவுக்கு இந்தச் சீட்டைத் தாரும்." கேட்கிறவர்களுக்கு எவ்வளவு தாழ்மையான ஜெபம்! ஆனால் 'சித்தமானால்' என்கிற இடத்தில் மட்டும் என் குரல் இறங்கி நிற்கும். சித்தமில்லாமல் போனால் நல்லது என்று அதற்குள் ஒரு ஆசை இருந்தது. அதை நான் ஆண்டவரிடம் சொல்லவில்லை. முடிவை அவர் தலையில் வைத்துவிட்டு நான் நல்லவனாக எழுந்து வந்துவிடுவேன்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். பாஸ்டர் ஜெபித்தார். சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் ஃபைலை நடுவில் வைத்து எல்லாரும் கை வைத்தோம். ஜெப எண்ணெயை விரல் நுனியில் தொட்டு, ஃபைலின் அட்டையில் ஒரு பொட்டு வைத்தார். காபி குடித்தார்கள். மீதி எண்ணெயை ஒரு சின்னக் குப்பியில் எங்களுக்கே கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். தெருமுனை வரை வழியனுப்ப ஜெபாவும் ஷைனியும் கூடப் போனார்கள்.

நான் தனியாக ஃபைலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மண்டைக்குள் ஒரு சந்தேகம் வந்தது. எண்ணெய் பிளாஸ்டிக் மேல்தானே பட்டிருக்கிறது? உள்ளே இருக்கிற காகிதத்தில் படவில்லையே? பிளாஸ்டிக்குக்கா சீட்டு கொடுக்கப் போகிறார்கள்?

விசுவாசிகள் சிரிக்கலாம். அப்போது எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஃபைலைத் திறந்தேன். குப்பியை உள்ளங்கையில் கவிழ்த்தேன். என் கைக்குத் துளி என்கிற கணக்குத் தெரியாது. பதினைந்து வருஷமாக முதுகு முதுகாகத் தேய்த்த கை. மேலே இருந்த காகிதத்தில் கையை வைத்து ஜெபித்தேன். கண்ணை மூடியிருந்தேன். 'சித்தமானால்' என்று சொல்லும்போது கை தானாகவே அழுத்தித் தேய்த்துவிட்டது.

கண்ணைத் திறந்தால் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கீழே இருந்த மேஜை தெரிந்தது. ஆஸ்பத்திரியின் நீல முத்திரை விரிந்து ஒரே திட்டு. கையெழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. ஷைனியின் முகப்பவுடரைக் கொட்டித் துடைத்தேன். அதில் இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

அது ஜெபாவின் அனுபவச் சான்றிதழ். நான்கு வருஷ வேலைக்கு அத்தாட்சி அந்த ஒரு தாள்தான். ஒரிஜினல் இல்லாமல் வர வேண்டாம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

அவள் வருகிற சத்தம் கேட்டதும் ஃபைலை மூடிவிட்டேன். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுவதும் என் உடம்பு மட்டும்தான் அங்கே இருந்தது. வீட்டுக்கு வந்து அவள் சோற்றைப் போட்டு வைத்தபோதுதான் சொன்னேன். அவள் எழுந்துபோய் ஃபைலைத் திறந்தாள். தாளை இரண்டு ஓரத்திலும் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். கையெழுத்துப் போடுகிற சூப்பரின்டென்டன்ட் ஊரில் இல்லை, புதன்கிழமைதான் வருவார் என்றார்கள்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கேன். வேணும்னு செஞ்சியளா?"

இல்லை என்று உடனே வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிரியமானவர்களே, இதை எழுதுகிற இந்த நிமிஷத்திலும் எனக்குத் தெளிவாக இல்லை. அந்தக் கையில் இருந்தது விசுவாசமா, பயமா? இரண்டும் ஒரே கையில் இருக்க முடியுமா? "தெரியல ஜெபா," என்றேன். அதுதான் உண்மை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எனக்கு முன்னமே தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சித்தமானால்ல வந்து இழுப்பிய. நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். இப்பம் ஒரு ஜெபம் பண்ணுங்க. அந்த வார்த்த வரக்கூடாது. மனசுல என்ன இருக்கோ அதச் சொல்லுங்க."

முழங்காலில் நின்றேன். ஷைனி கூடவே வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, இவளுக்குச் சீட்டு வேணும். கெடச்சா இவ என்னவிடப் பெரிய ஆளா ஆயிருவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு. அதுக்காக ஒரு வாரமா ஒம்மகிட்டப் பொய் சொன்னேன். சீட்டக் குடும்." ஆமென் கூடச் சொல்லவில்லை. ஜெபாதான் சொன்னாள். பிறகு சோறு சாப்பிட்டோம். ஆறிப்போயிருந்தது.

திங்கட்கிழமை ஷைனியைக் கிரேஸ் அக்காவிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மதுரைப் பக்கம் போனோம். விண்ணப்பம் போட்டபோது எடுத்த ஜெராக்ஸ் பிரதி ஒன்றும் கெட்டுப்போன ஒரிஜினலும் கையில். வாசலில் தாள்களைச் சரிபார்த்த அலுவலர் அதைத் தொடவே யோசித்தார். "என்னம்மா, பஜ்ஜி மடிச்சுக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். அந்த நேரம் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஜெராக்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே மேடத்திடமே காட்டுங்கள், அவர்கள் சொல்வதுதான் என்று அனுப்பினார்.

ஒன்றே கால் மணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்த ஜெபாவின் முகத்தில் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த வயதான மேடம் அந்தத் தாளைத் தூக்கி, இது என்ன என்று கேட்டார்களாம். ஜெபா ஒளிக்கவில்லை. என் வீட்டுக்காரர் எண்ணெய் வைத்து ஜெபித்தார், கொஞ்சம் கூடிவிட்டது என்றாளாம். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி கேட்டார்கள். ஒரு நோயாளியின் கணவர் இதே மாதிரி எண்ணெயைக் கொண்டுவந்து ஆபரேஷன் காயத்தின் மேல் பூச வருகிறார், நீ அந்த வார்டில் இருக்கிறாய், என்ன செய்வாய்? எங்கள் நோட்டில் அந்தக் கேள்வி இல்லை.

"நீ என்ன சொன்ன?"

"ஏச மாட்டேன்னு சொன்னேன். ஏசுனா நம்ம அந்தப் பக்கம் போனதும் பூசிருவாரு. எதுக்குப் பூசுதியன்னு மொதல்ல கேப்பேன். புண்ணு தொறந்து இருக்கு, அதுல பட்டா சீழ் பிடிக்கும்னு வெளங்கச் சொல்லுவேன். நெத்தியில வைங்க, பாதத்துல வைங்கன்னு எடம் காட்டுவேன். அவருக்குப் பயம். பயந்த கைக்கு ஏதாவது ஒரு வேல குடுக்கணும். இதத்தான் இங்கிலீஷ்ல சொன்னேன்."

டீ ஆறியது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அவள் பேக்கை நான் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். தோள் வலித்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. ஜெபராணி பெயர் இருந்தது. பத்து நாளைக்குள் புதுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பு. புதன்கிழமையே சூப்பரின்டென்டன்ட்டிடம் வாங்கி வைத்திருந்தோம், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பாஸ்டரிடம் கேட்டேன். நான் கெடுத்ததை ஆண்டவர் எடுத்து உபயோகித்தாரா? அல்லது நான் கெடுக்காமல் இருந்தாலும் அவள் படிப்புக்கே சீட்டுக் கிடைத்திருக்குமா? அவர் சொன்னார்: "எனக்கும் தெரியல தம்பி. ஆனா இதச் சபையில சொல்லும்போது பாத்துச் சொல்லும். அடுத்த வாரம் எல்லாரும் மார்க் ஷீட்ல எண்ணெய ஊத்திட்டு வந்து நிப்பாங்க."

அதனால் சொல்கிறேன், யாரும் ஊற்ற வேண்டாம். எனக்குக் கிடைத்த பதில் சீட்டு மட்டும் இல்லை. என் மனைவி முன்னால், என் மகள் முன்னால், உள்ளே இருந்த பயத்தை வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகும் அவர்கள் இருவரும் என் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஆண்டவரும் போய்விடவில்லை. அதற்காக அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இப்போது ஜெபா ஹாஸ்டலில் இருக்கிறாள். ஷைனிக்கு நான்தான் தலை பின்னி விடுகிறேன். எண்ணெயைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியையும் இப்போது ஜெபத்தில் பெயர் சொல்லிச் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் யாராவது என்னைப் போல நல்ல வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்து ஜெபித்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே வெளியே வாருங்கள். மனதில் இருப்பது அசிங்கமாக இருந்தாலும் அப்படியே சொல்லுங்கள். அவர் கேட்பார். என்னுடையதைக் கேட்டார்.

நானும் சுற்றி வளைக்காமல் ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஜெபத்தில் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜெபாவின் முதல் வருஷக் கட்டணத்தில் இன்னும் கட்ட வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.