எல்லோருக்கும் முதல் இடம்

மராத்தி பேசும் ஊரான சாகணில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் என் பொறுப்பு. தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் அலுவலகக் கட்டடத்துக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள்தான். போன், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். நெரிசல் வந்தால் யாரை முதலில் விடுவது என்று ஸ்விட்சுக்கு நாம் சொல்லி வைக்க வேண்டும். போனுக்கே முதல் இடம் என்று சொல்லி வைத்தேன்.

அப்படி வைக்கச் சொன்னவர் அலுவலகக் கட்டடத்து முதலுதவி அறை சிஸ்டர். தலைமுறைகளாக இந்தப் பக்கத்துக் கட்கியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். “தம்பி, ஷாப்லருந்து போன் வந்தா பாதி வார்த்த கட் ஆவுது. யாருக்காச்சும் அடிபட்டா எந்த எடம்னு எனக்கு சாஃபா கேக்கணும், பஸ், அவ்ளோதான்” என்றார் இந்தி கலந்த தமிழில்.

கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு விஷயம் கசிந்தது. வரிசை என்றாலே எங்கள் அதிகாரிகளுக்கு மானப் பிரச்சினை. ஸ்டோர்ஸ் மேனேஜர் வந்தார். வருகைப் பதிவு மிஷினுக்காக எச்.ஆர். ஆட்கள் வந்தார்கள். கான்டீன் கூப்பன் மிஷினுக்குக்கூட சிபாரிசு வந்தது, கொடுமை. கடைசியில் ஆலைத் தலைவரான பெரிய சாகேப், தன் வீடியோ மீட்டிங்குக்கும் கேமராக்களுக்கும் முதல் இடம் கேட்டார். எல்லோரும் முதல் என்றால் யாருமே முதல் இல்லை சார் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் என் அரைகுறை மராத்தியிலும் கத்தாத குறையாகச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, “டீக் ஹை, லேகின் மேரா கர் தோ” என்றார். சரிதான், ஆனால் என்னுடையதைச் செய்துவிடு. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் மேலே ஏற்றினேன்.

அந்த மாதமே பிரஸ் ஷாப்பில் ஒருவருக்கு அடிபட்டது. போனில் சிஸ்டர் காதில் விழுந்தவை ‘ஹாத்’, ‘லைன்’ என்ற இரண்டு சொற்கள்தான். கையில் அடி என்று புரிந்தது, எந்த லைன், அதாவது எந்த மிஷின் வரிசை என்பது வரவில்லை. அறையைப் பூட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஷெட்டுக்கு ஓடியிருக்கிறார். நல்லவேளை, விரல்கள் தப்பின.

கட்டுப் போட்டு முடித்ததும் நேரே என்னிடம் வந்தார். “ரூம் பூட்டியிருந்துச்சு தம்பி. அடிபட்டவரு கையில துணியச் சுத்திக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தாரு, பாவம்.” யாரையும் கேட்காமல், போனைத் தவிர எல்லோரையும் கீழே இறக்கினேன்.

சற்று நேரத்தில் அலுவலகக் கட்டடத்தில் என் மேசை போன் அடித்தது. பிரஸ் ஷாப்பிலிருந்து சாகேப். அங்கே நின்றபடி வாடிக்கையாளருக்கு வீடியோவில் மிஷின்களைக் காட்டிக்கொண்டிருந்தாராம், படம் உறைந்துவிட்டதாம். யாரைக் கேட்டு மாற்றினாய், உனக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்று மூச்சு விடாமல் திட்டினார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு முழுக்கக் கேட்டேன். ஒரு வார்த்தைகூட அறுபடவில்லை.