ரயில்வேக்குப் போன செல்வி

கல்லூரி கூடைப்பந்து அணியில் செல்வியைவிட நான்தான் உயரம். பந்து போடுவதிலும் நான்தான் கெட்டி. எழுபதுகளின் கடைசியில், படிப்பு முடிந்தபின் அந்த ஆட்டத்தை நம்பி ஒரு பெண் எதிர்பார்க்க முடிந்ததெல்லாம் ரயில்வே வேலைதான். ஆள் எடுக்கிறார்கள் என்று அவள் மெட்ராஸுக்குப் போனாள். அதே வாரம் எனக்கு ஓடைப்பட்டியில் பரிசம் போட்டார்கள்.

அதன்பிறகு திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்தே என் காலம் போனது. உயரத்தால் நான் கண்டது முதுகுவலி.

வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த செல்வி, என்னைப் பார்க்கத் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். கையில் வாட்ச் மினுங்கியது. குனியத் தெரியாமல் நுழைந்தவள் பந்தல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"பெரிய ஆட்டக்காரி ஆயிட்டபோல," என்றேன்.

"ஆட்டமெல்லாம் எப்பவாச்சும்தான்டி. மத்த நாளு ஆபீஸ்ல ஃபைலோட மல்லுக்கட்டணும்."

அதைக் கேட்டு என் வயிறு குளிர்ந்தது. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் தனியாப் போயி, இருட்டுற வரைக்கும் பந்து போட்டுக்கிட்டு இருப்பேன். யாரும் ஏன்னு கேக்க மாட்டாக."

வேலையைப் பொறுத்துக்கொண்டேன், வாட்ச்சையும் பொறுத்துக்கொண்டேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அவள் போனதும் பந்தலுக்கு வெளியே வந்து, நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

"ஏத்தா, அங்கன எதுக்கு நிக்கிற?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்லத்தே," என்று குனிந்து உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்றைக்கும் எனக்குச் செல்வி மேல் வயிறு எரியும்.