லிஃப்ட் ரிப்பேர் என்று வாங்கிய கையெழுத்து

பினாங்கு ஜார்ஜ்டவுனில், பீச் ஸ்திரீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு சின்ன அலுவலகம். ஃபாரம் நிரப்பித் தருவதும் கடிதங்களை மொழிபெயர்ப்பதும் என் தொழில். வாடகை குறைவு என்பதால்தான் என் போன்றவர்கள் அங்கே பிழைத்தோம்.

சில மாதங்களுக்கு முன் கட்டட முதலாளியின் ஏஜெண்ட் வந்தான். "லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போறோம்கா. சம்மதம்னு ஒரு சைன் போடுங்க லா," என்றான். என்னிடம் கடிதம் எழுத வந்த ஆட்கள் காத்திருந்தார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் டியூஷன் நடத்தும் சாந்தி ஓடி வந்தாள்.

"அக்கா, சைன் பண்ணிட்டீங்களா? பின்பக்கத்துல, மாசக் கடைசியில நாமளே விருப்பப்பட்டுக் காலி பண்றோம்னு எழுதியிருக்கு! கட்டடத்தைக் கொண்டோவா, சொகுசு அடுக்குமாடி வீடா மாத்தப் போறாங்க."

படியிறங்கி ஓடினேன். இரண்டாம் மாடியில், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த பல்செட் கட்டும் பெரியவரிடம் அவன் அதே தாளை நீட்டிக்கொண்டிருந்தான். அவன் ஃபைலைப் பிடுங்கி, என் தாளை உருவிக் கிழித்தேன்.

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். "எப்படியும் போகத்தானே போறீங்க, எதுக்குக்கா டென்ஷன்?"

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. அடுத்தவர் தாளை வரி வரியாகப் படிக்கும் நான், என் தாளைப் புரட்டக்கூட இல்லையே என்று என் மேலும் அருவருப்புத்தான்.

எல்லோரும் சேர்ந்து முதலாளிக்கு எழுதிக் கேட்டதில், வாடகை ஒப்பந்தப்படி ஆறு மாத அவகாசம் கிடைத்தது. எனக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்ட மேல்மாடித் தையல்காரர் மட்டும் அந்த மாதமே மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் யார் தாளை நீட்டினாலும், "வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க," என்கிறேன். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.