இரண்டாம் பாகத்துக்கு மூன்று டிக்கெட்

நாற்பத்து நான்கு வயதில் கல்யாணம் செய்துகொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. சொந்தக்காரர்கள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக் களைத்து, நம்மைத் தண்ணீர் தெளித்து விட்டிருப்பார்கள். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பகலெல்லாம் அலுவலகக் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னைக் கடைசியில் ஜோசியர்களும் கைவிட்டார்கள். அதன் பிறகுதான் எனக்கு நல்ல காலம் பிறந்தது. தெம்பனிஸில் இருந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, நீல ரயில் பாதையின் மேற்குக் கோடியிலிருந்து கிட்டத்தட்டக் கிழக்குக் கோடிக்குக் குடிபோனேன்.

எனக்கு அது முதல் கல்யாணம், மனைவிக்கு இரண்டாவது. முதல் கணவர் நோயில் இறந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. அவர்களுக்கு ஒரு மகள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினாறு வயது.

அவள் என்னை அங்கிள் என்று கூப்பிட்டாள். சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுகிறவரும் அங்கிள்தான், மீன் வெட்டித் தருகிறவரும் அங்கிள்தான். ஆகவே அதில் மகிழவோ வருந்தவோ எதுவுமில்லை. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், பதில் வருவதற்குள் அறைக்குள் போய்விடுவாள். லிஃப்டில் பார்த்துத் தலையசைத்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒரே வீட்டுக்குள் இருந்தோம். அவள் என்னோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு பெரிய ஆசை இருக்கவில்லை.

அவளுடைய அறைக் கதவில் ஒட்டியிருந்த ஒரு விண்கலத்தின் படத்தைத்தான் நான் நம்பியிருந்தேன். அது ஒரு சினிமாவின் போஸ்டர், அந்தச் சினிமா எனக்கும் தெரியும். வழிதவறிய கலத்தில் ஆறு பேர். அதன் சமையலறையில் அடிக்கும் கூத்து, செடி வளர்க்கும் அறையில் ஒருவர் தக்காளிக்குப் பாட்டுப் பாடுவது, கடைசியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே பூமிக்குத் திரும்புவது. ஒன்பது வயதில் அப்பாவோடு தியேட்டரில் பார்த்திருக்கிறாள். இருவர் மட்டும்தான் போனார்களாம். என் மனைவிக்கு வானத்தில் பறக்கும் அலுமினியச் சட்டியை இரண்டு மணி நேரம் பார்க்கிற பொறுமை கிடையாது.

எட்டு வருடம் கழித்து அதற்கு இரண்டாம் பாகம் வருகிறது என்று செய்தி வந்தது. முன்னோட்டத்தில் ஒரே இருட்டு. யாரும் சிரிக்கவில்லை. தக்காளிச் செடி கருகிக் கிடந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது, இரண்டாம் பாகம் கண்டிப்பாகக் குப்பையாகத்தான் இருக்கும் என்று அவள் அம்மாவிடம் அறிவித்தாள். என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்காமலே சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

முதல் பாகத்துக்கு ஆயிரம் வேலை இருக்கிறது என்று ஆரம்பித்தேன். இவர் யார், அவருக்கு இவர் என்ன உறவு, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று கல்யாண வீட்டில் ஆளாளுக்கு அறிமுகம் செய்வதுபோலச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் பந்தி முடிந்துவிடும். போதாததற்கு, படம் ஓட வேண்டுமே என்ற பயத்தில் யாரையும் சாகவும் விடமாட்டார்கள். இரண்டாம் பாகத்துக்கு அந்தப் பயம் கிடையாது. நமக்கு எல்லோரையும் தெரியும், எல்லோர்மேலும் பிரியம் வந்துவிட்டது. இனி அவர்களுக்கு ஏதாவது ஆனால்தான் வலிக்கும். அதனால் இருட்டுப் படம்தான் நல்ல படம் என்று, பருப்புக்கும் ரசத்துக்கும் நடுவில் என் சொற்பொழிவை முடித்தேன்.

அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "பழகப் பழகப் பாலும் புளிக்கும், அங்கிள்," என்றாள். இங்கே பள்ளிக்கூடத்தில் பழமொழிகளை மனப்பாடம் செய்யவைத்துப் பரீட்சையில் கேட்கிறார்கள். அதை யாராவது வீட்டில் பயன்படுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிள்ளை என்னோடு சண்டை போடுகிறாள்.

அதற்குப் பிறகு பல வாரம் அதே சண்டை. பேருந்து நிறுத்தத்திலும், துணி காயப்போடும்போதும், பாசிர் ரிஸ் கடற்கரையில் நடக்கப் போனபோதும் நடந்தது. அவள் சமையலறைக் காட்சியை எடுத்துப்போடுவாள், தக்காளிப் பாட்டை எடுத்துப்போடுவாள். இதற்கு ஈடு உண்டா என்பாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் உற்சாகம் தலைக்கேறி, எங்கள் ஊர்ப் பழமொழி ஒன்றை எடுத்துவிட்டேன். "மூத்தது மோழை, இளையது காளை" என்றேன். மோழை என்றால் என்னவென்று கேட்டாள். கொம்பில்லாத மாடு, அதாவது ஒன்றுக்கும் ஆகாதது என்று விளக்கமும் சொன்னேன். அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

படம் வெளியான வாரம் என் கைப்பேசிக்கு அவளிடமிருந்து டிக்கெட் வந்தது. ஞாயிறு மதியக் காட்சி, மூன்று இருக்கை. தலைகால் புரியவில்லை எனக்கு. மனைவியிடம் போய், உன்னையும் சேர்த்து எடுத்திருக்கிறாள், சேலையை எடுத்து வை என்றேன். அவள் கைப்பேசியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன்னிடம் யாரும் சொல்லவில்லை, நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

தியேட்டரில் பிள்ளை ஓர் இருக்கையில் உட்கார்ந்தாள். நடு இருக்கையை விட்டுவிட்டு அடுத்ததை எனக்குக் காட்டினாள். காலியாகக் கிடக்கிறதே என்று என் பையை நடுவில் வைக்கப் போனேன். அதற்குள் அவள் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து அங்கே வைத்தாள்.

இந்த ஊரில் சாப்பாட்டுக் கடை மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பசியில் கண்ணடைத்தவன்கூட அதைத் தொடமாட்டான். எண் போட்ட தியேட்டர் இருக்கையில் அதற்குத் தேவையே இல்லை. இருந்தும் வைத்தாள். யாருடைய இடம் என்று எனக்குப் புரிந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

படம் நான் சொன்னதைவிட இருட்டாக இருந்தது. கலத்தில் காற்று குறைந்துகொண்டே வருகிறது. மிச்சம் பிடிக்க ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்து மூடிக்கொண்டு வருகிறார்கள். செடி அறையை மூடினார்கள். பிறகு சமையலறைக்கு வந்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் அத்தனை பேரும் வயிறு குலுங்கச் சிரித்த இடம். யாரும் வசனம் பேசவில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை. எனக்கு முன் வரிசையில் ஒருவர் மட்டும் சோளப்பொரியை நறநறவென்று தின்றுகொண்டிருந்தார். முதல் பாகம் பார்க்காதவர் என்று அடித்துச் சொல்வேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டிஷ்யூ கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஆனாலும் சட்டைக் கையால்தான் துடைத்தேன்.

வெளியே வந்து சிராங்கூன் சாலைக்கு நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை, கட்டுமான வேலைக்காரத் தம்பிமார்கள் கூட்டம் கூட்டமாக நின்று கைப்பேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடைக்குள் நுழைந்து தோசையும் தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீயும் சொன்னோம். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"செகண்ட் பார்ட்தான் பெட்டர், அங்கிள்."

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். தனக்கு அது பிடித்துவிட்டதுதான் கோபம் என்றாள். இத்தனை நாளும் நான் இரண்டாவதுதான் ஒசத்தி என்று பேசும்போதெல்லாம், அவளுடைய அப்பாவை மட்டம் தட்டுவதுபோலவே காதில் விழுந்ததாம். அந்த மாட்டுப் பழமொழி ரொம்ப டூ மச் லா என்றாள்.

விண்கலத்தைப் பற்றித்தான் பேசினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லாததால், முன் வரிசைச் சோளப்பொரிக்காரரைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது வெறும் கதவு. நமக்கு மட்டும்தான் அது சமையலறை. இரண்டாம் பாகம் சொந்தமாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை, எல்லாம் முதல் படம் சேர்த்து வைத்துவிட்டுப் போன பிரியம், அது இல்லாவிட்டால் இன்றைக்கு ஒருத்தர் கண்ணும் நனைந்திருக்காது என்றேன். இவ்வளவு நாள் தொண்டை கிழியப் பேசியதில் இதைச் சொல்ல விட்டுப்போயிருந்தது.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். சூடு எப்போதோ போய்விட்டிருந்தது.

"ஃபர்ஸ்ட் பார்ட் நல்லா இருந்துச்சான்னே எனக்குத் தெரியாது, அங்கிள்," என்றாள். "பாதி படத்துல அப்பா என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க. அப்பவே மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, எனக்கு யாரும் சொல்லல. ஆனா ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் நான் ஸ்கிரீனையே பாக்கல. மூச்சு வருதா வருதான்னு அப்பாவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்றாள். தூங்கிவிட்டார் என்று சொன்னால் அம்மா அழுவார்கள் என்று அப்போது சொல்லவில்லை, பிறகு சொல்ல வரவில்லை. அவள் என்னிடம் எடுத்துப்போட்ட காட்சிகளெல்லாம் படத்தின் முன்பாதியில் வருபவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேரும் பூமிக்குத் திரும்பி வந்து சிரிப்பதை அவள் பார்த்ததே இல்லை.

பக்கத்து மேசையில் யாரோ சாம்பார் கேட்டுக் கத்தினார்கள். எனக்கு அழுகையும் வந்தது, அந்த மனிதரை ஒரு தடவையாவது பார்த்திருக்கலாமே என்றும் இருந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு எந்த அபிப்பிராயமும் தோன்றவில்லை.

அவள்தான் பேசினாள். "அடுத்த வாரம் வீட்ல ஃபர்ஸ்ட் பார்ட் போடலாமா, அங்கிள்? அம்மாவையும் உக்கார வைப்போம். கடைசி வரைக்கும் பாக்கணும்."

பார்க்கலாம் என்றேன்.

"நீங்க தூங்குனீங்கன்னா நான் எழுப்பிடுவேன்," என்றாள்.

தூங்கமாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.