ஈரத்தின் மேல் ஈரம்

நான்கு வண்ணத்தையும் ஒரே ஓட்டத்தில் அச்சிட்டுக் காட்டும் புரூஃப் மெஷின், அதாவது மாதிரி பார்க்கும் மெஷின், அச்சுத் தொழிலில் எப்போதுமே அரிது. விலை அதிகம், இடத்தையும் அடைக்கும். பெரும்பாலான அச்சகங்கள் ஒற்றை வண்ண மெஷினில் மஞ்சளை அடித்துக் காயவைத்து, அதன் மேல் சிவப்பை அடித்துக் காயவைத்துக் காலம் தள்ளின. அவளுடைய கணவர் தன் அச்சகத்துக்கென்று ஒற்றைக் காலில் நின்று அந்த அரிய மெஷினை வாங்கினார். அவர் இறந்த பிறகு பத்தொன்பது வருஷமாக அதை ஓட்டியவள் அவள்தான். அச்சகத்தை நடத்தியது கொழுந்தன்.

மெஷின் மேல் அவளுக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது. எண்ணெய் ஒழுகும், முதுகை ஒடிக்கும். ஆனால் பொய் சொல்லாது. கூடத்தில் ஓடும் பெரிய மெஷினைப் போலவே ஈர மையின் மேல் ஈர மையைப் போட்டு, என்ன வரப்போகிறதோ அதையே காட்டும். தாளின் ஓரத்தில் அவள் கையெழுத்து இருந்தால்தான் மெஷின்காரர்கள் படம் பதிந்த உலோகத் தகடான பிளாக்கை ஏற்றுவார்கள்.

விதைக் கம்பெனியின் அட்டைப்படம் வந்தது. ஈர மஞ்சளின் மேல் சிவப்பு சரியாக ஒட்டாமல், புரூஃபில் அட்டைத் தக்காளி மங்கிக் கிடந்தது.

"விதைக்காரரு என்ன செங்கல்லா விக்கிறாரு?" என்றான் கொழுந்தன். "அண்ணி, நம்ம ஒத்தை கலர் மெஷின்ல ஒவ்வொரு கலரா காயவெச்சு அடிங்க. சும்மா ஜொலிக்கும்."

"ஜொலிக்கும். அப்புறம் அம்பதாயிரம் அட்டையையும் பெரிய மெஷின் நின்னு நின்னு காயவெக்குமா?"

"ஆர்டர் கைக்கு வரட்டும், பாத்துக்கலாம். இது போச்சுன்னா உங்க மெஷினை வித்துடுவேன், சொல்லிட்டேன்."

அவள் அவன் சொன்னபடியே அடித்தாள். நாலு நாள் பிடித்தது. கடிக்கலாம் போல இருந்தது தக்காளி. கையெழுத்து மட்டும் போடவில்லை.

விதைக்காரர் வந்து உட்கார்ந்ததும் இரண்டு தாளையும் அவர் முன்னால் விரித்தாள்.

"இது உங்களுக்குப் பிடிக்கும். இது உங்களுக்குக் கிடைக்கும்."

கொழுந்தன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

"ஏம்மா, வியாபாரம் பண்றீங்களா, வந்தவனை விரட்டுறீங்களா?" என்றார் விதைக்காரர்.

"சிவப்பு பிளாக்கைத் திருத்தணும் சார். மூணு நாள் குடுங்க. இந்த ஜொலிப்பு அளவுக்கு வராது. ஆனா நான் காட்டுறதுதான் அச்சாகும்."

"மூணு நாள். மேல ஒரு நாள் ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்கறேன்." விடைகூடப் பெறாமல் போய்விட்டார்.

"அவரு திரும்பி வரலேன்னா?" கொழுந்தன் பல்லைக் கடித்தான்.

"வரலேன்னா வரல. மெஷினை வித்துக்கோ தம்பி, என்னையும் வெளிய அனுப்பு. அதுவரைக்கும் பொய்க்கு நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

ஜொலித்த தக்காளியை நாலாகக் கிழித்து, மை துடைக்கும் காகிதங்களோடு போட்டாள். சிவப்பு பிளாக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பிளாக் செய்பவரின் அறைக்கு நடந்தாள்.