ஆளை அமர்த்தி அளந்தவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரத்தில்தான் அனந்தலக்ஷ்மி இசக்கிமுத்துவை முதன்முதலாகக் கண்டாள். சுள்ளிக்கல் சாலையோரத்தில் தகரக் கூரை வேய்ந்த டயர்க் கடை அது. அவளுடைய ஃபியட் காரின் முன்சக்கரத்தருகே குந்தி அமர்ந்து, டயரை உள்ளங்கையால் குறுக்குவாட்டில் தடவிக்கொண்டிருந்தார் அவர். பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கடைப்பையன் பிச்சைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணாச்சி தடவுறதப் பாத்தா, டயருக்குக் காய்ச்சலான்னு பாக்குற மாதிரில்லா இருக்கு."

இசக்கிமுத்து நிமிரவில்லை. உள்ளிருந்து வெளியே தடவினால் வழவழப்பாகவும், வெளியிலிருந்து உள்ளே தடவினால் அரம்போலவும் இருக்கிறது என்று அவளிடம் மட்டும் சொன்னார். டயரின் வெளிவிளிம்பு ஏறக்குறையப் புதியதாக இருந்தது. உள்விளிம்பில் நூலிழை வெளியே தெரிந்தது.

ஓராண்டுக்குள் தேய்ந்த மூன்றாவது ஜோடி அது. முந்தைய நாள் மாலை, தோப்பும்படிப் பாலத்தின் இறக்கத்தில் பிரேக்கை மிதித்த கணத்தில், கார் மழையில் வழுக்கிக் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. அருகில் அமர்ந்திருந்த அவளுடைய கணவர் விஸ்வேஸ்வரன் வீட்டுக்கு வந்ததும், வேலையிலிருந்து விலகுவதாக ஒரு கடிதம் எழுதி, உறையிலிடாமல் மேசைமேல் வைத்துவிட்டார்.

துறைமுகத்தை ஒட்டிய வில்லிங்டன் தீவில் தேயிலைத் தரகு நிறுவனம் ஒன்றில், தேநீரைச் சுவைத்துத் தரம் பிரிப்பது அவருடைய வேலை. மூன்றாண்டுகளுக்கு முன் கிடங்கு ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. நாவுக்கு ஒரு குறையும் நேரவில்லை. நிறுவனத்தார் நல்லவர்கள். சுவைக்கும் மேசையை அவருடைய சக்கர நாற்காலிக்கு ஏற்பத் தாழ்த்திக் கொடுத்தார்கள். ஆனால் காரின் இருக்கை நாற்காலியைவிட நான்கு விரற்கடை உயரமாக இருந்தது. நாற்காலியை உயர்த்தினாலோ, அது மேசைக்கடியில் நுழையாது. ஆகவே, முன்புறச் சுருள்வில்களை வெட்டியும் பின்புறப் பட்டைகளைத் தட்டி வளைத்தும் காரையே தாழ்த்தினார்கள். அதன்பிறகு அவர் நாற்காலிக்கும் கார் இருக்கைக்கும் இடையே ஒரு பலாப்பலகையை வைத்து, தாமாகவே நகர்ந்து காருக்குள் அமர்ந்துகொண்டார். பிறர் கைகள் தம்மைத் தூக்குவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. அனந்தலக்ஷ்மி தன் நாற்பத்திரண்டாம் வயதில் காரோட்டக் கற்றுக்கொண்டாள்.

தாழ்த்திய நாளிலிருந்தே டயர் தேயத் தொடங்கியது. மூன்று பட்டறைகளில் சக்கரங்களை நேராக்கிக் கொடுத்தும் தேய்வு நிற்கவில்லை. காரைப் பழையபடி உயர்த்தினாலொழிய இனி அதில் கைவைக்க இயலாது என்று மூன்றாவது பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். உயர்த்தினால் விஸ்வேஸ்வரன் வீட்டோடு இருந்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். மேசைமேல் கிடந்த கடிதத்தை அவள் இன்னும் தொடவில்லை.

இசக்கிமுத்து பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் பிடித்து அளந்தார், மறுபக்கமும் அளந்தார். எல்லாம் நேராகவே இருந்தது. அவர் முகம் சுருங்கியது. எழுந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். துடைத்து வைத்த பாத்திரம்போல உள்ளே வெறுமையாக இருந்தது.

"இதுல தெனமும் யாரும்மா உக்காருறது?"

"நானும் அவரும்தான். அவரோட நாற்காலி டிக்கியில இருக்கும். தேயிலை சாம்பிள் டப்பா ஒரு பெட்டி."

"அதெல்லாம் இப்ப எங்க?"

"எங்காத்துல எறக்கி வெச்சுட்டுதான் வந்தேன். பட்டறைக்குக் கொடுக்கற வண்டியை அப்பிடியேவா கொண்டுவரது?"

நான்கு முறையும் அவள் அப்படித்தான் செய்திருந்தாள். விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவதுபோலக் காரைக் காலிசெய்து, கழுவித் துடைத்து, கணவரையும் வீட்டில் விட்டுவிட்டே கொண்டுசென்றாள். பட்டறைகளில் வெறுங்காரை நேராக்கித் தந்தார்கள். ஆட்கள் ஏறியதும் கார் இரண்டு விரற்கடை இறங்கும். வில் வெட்டிய காரானதால், இறங்கும்போது முன்சக்கரங்கள் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்துகொள்ளும். ஓடும் தூரமெல்லாம் உள்விளிம்பு சாலையில் உரசும். இசக்கிமுத்து இதைத் தம் இரு கைகளையும் சக்கரங்களாக வைத்துக் காட்டினார். பிறகு, சாரை அழைத்து வரும்படி சொன்னார்.

அனந்தலக்ஷ்மி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாரு கடைக்கு வரமாட்டாகளோ?"

மாட்டார் என்று அவள் தலையசைத்தாள். வீடும் தீவும் தவிர வேறெங்கும் அவர் இறங்குவதில்லை. நடுத்தெருவில் நாலு பேர் குனிந்து பார்க்கக் காரில் அமர்ந்திருப்பதைவிட, வேலையை விடுவதையே அவர் விரும்புவார். இசக்கிமுத்து நூலைச் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஞாயித்துக்கெழம நான் கடையை அங்க கொண்டாறேன்."

சொன்னபடியே, கோணிப்பையில் கருவிகளோடு மட்டாஞ்சேரியில் அவர்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் சிமெண்டுத் தளம் சமமாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். விஸ்வேஸ்வரன் தம் இடத்தில் அமர, அனந்தலக்ஷ்மி ஓட்டுநர் இருக்கையில் அமர, நாற்காலியும் பெட்டியும் டிக்கியில் ஏறின. காரை முன்னும் பின்னும் உருட்டச் செய்து, அது அடங்கி நின்றபிறகே நூலை எடுத்தார். விஸ்வேஸ்வரனுக்குச் சினம் வந்தது.

"என்னையும் சாமான் கணக்கா வெச்சு அளக்கறயா?"

"சாரு உக்காந்தாத்தான் இது உங்க வண்டி. எறங்கிட்டா வேற வண்டில்லா? வேற வண்டியச் சரி பண்ணி நான் என்னத்துக்கு?"

விஸ்வேஸ்வரன் காரை விட்டு இறங்கவில்லை. இரண்டு சக்கரங்களும் சேர்ந்து இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வெளியே விரிந்திருந்தன. சக்கரங்களின் மேல்விளிம்பு உள்ளே சாய்ந்திருந்ததையும் தூக்குக்குண்டு காட்டியது. சக்கரத்தைத் தாங்கும் மேல்கையின் இணைப்பில் மெல்லிய தகடுகளைச் செருகியும், சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளை மரைமரையாக முறுக்கியும், ஒவ்வொரு முறையும் காரை மீண்டும் உருட்டி அளந்தும், நண்பகல்வரை உழைத்தார். ஜாக்கியை ஏற்றும்போதெல்லாம், உள்ளே அமர்ந்திருந்தவரின் கையிலிருந்த தேநீர் தளும்பாதவாறு ஏற்றினார். அந்தத் தேநீரும் இசக்கிமுத்துவே வழியில் வாங்கிவந்ததுதான். விஸ்வேஸ்வரன் ஒரு மிடறு அருந்திவிட்டு, தூளைக் குறைசொல்ல இயலாது, ஆனால் தண்ணீர் இரண்டாம் முறை கொதித்தது என்றார். இசக்கிமுத்து காருக்கடியில் படுத்தபடியே சிரித்தார்.

சாய்வு முழுவதும் போகவில்லை. போகாது என்பதையும் அவரே சொல்லி, டயர்களை எப்போது இடம் மாற்ற வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். நான்கு மாதம் உழைத்த ஜோடி, அதன்பின் இரண்டாண்டு உழைத்தது. கடிதத்தை அன்று மாலையே விஸ்வேஸ்வரன் கிழித்துவிட்டார். பத்தாண்டுகள் அவர் தீவுக்குச் சென்று வந்ததும், பணி நிறைவடைந்து மாலையுடன் வீடு திரும்பியதும், அந்த ஞாயிற்றுக்கிழமையால்தான் என்று அனந்தலக்ஷ்மி நம்பினாள். மாலையில் அவள் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்ளும் பெயர்களில் இசக்கிமுத்துவின் பெயரும் சேர்ந்தது.

அவரைப் பற்றி அவள் பின்னர் அறிந்தவை சிலவே. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து லாரியில் கிளீனராக வந்தவர். இங்கே பிராட்வே சந்தையில் மூட்டை இறக்கி, பிறகு டயர்க் கடையில் சேர்ந்து, கண்ணால் பார்த்தே தொழிலைப் பிடித்தவர். மனைவி மூக்கம்மாள் காலையில் இட்லி விற்றாள். எந்தக் காரானாலும், வழக்கமாக அதில் செல்பவர்களை ஏற்றிவைத்தே அளப்பார். மீன் வியாபாரியின் வேனை ஐஸ் பெட்டிகளோடு அளந்ததை வைத்துப் பிச்சை பல நாள் கேலிசெய்தான். அனந்தலக்ஷ்மியின் வீட்டுக்கு ஆண்டுக்கு இருமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் வந்தார். விஸ்வேஸ்வரன் அன்று காலையிலேயே குளித்து, காரில் ஏறி அமர்ந்து காத்திருப்பார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, ஐப்பசியில் பெய்யும் துலாவர்ஷ மழையில் இசக்கிமுத்து படுத்த படுக்கையானார். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு அறுந்து அறுந்து வந்தது. அனந்தலக்ஷ்மி பழங்களோடு பார்க்கச் சென்றாள். மூக்கம்மாள் தலையணையை உயர்த்தி அவரைச் சாய்த்து அமர்த்தினாள். அவர் முதலில் டயரைத்தான் விசாரித்தார். பிறகு, சார் எங்கே என்றார். சந்து முனையில், காரிலேயே இருக்கிறார் என்று அவள் சொன்னாள்.

பிச்சை இப்போது தொழிலை நன்றாகவே பார்க்கிறான், காரை அவனிடம் நம்பிக் கொடுக்கலாம் என்றார் இசக்கிமுத்து. அவனைத் தங்கள் வீட்டுக்கு வரச்சொல்ல வேண்டும் என்று அவள் கேட்கத் தொடங்கினாள். அவர் கையமர்த்தினார்.

"வேண்டாம்மா. வீட்டுக்கு வந்து வந்து, நான்தான் சார உள்ளயே உக்கார வச்சிட்டேன். இனிமே நீங்க சாரோட கடைக்குப் போங்க. ரோட்டுலயே நிறுத்தி அளக்கட்டும், பாக்குறவன் பாக்கட்டும். இத மட்டும் எனக்காகச் செய்யுங்க."